அது பொய் இல்லை, இடியம்

மருதானையில் மின்விசிறி திருத்தும் பட்டறை ஒன்றில் போன மாதம் நின்றுகொண்டிருந்தேன். பட்டறைக்காரர் மூலையில் கிடந்த, தாள்களைப் பிரதியெடுக்கிற பழைய றோணியோ மெஷின் ஒன்றை இரும்புக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். உருளையின் மூடி கழன்றதும் உள்ளே இறுகிக் கிடந்த கறுப்பு மை, இத்தனை வருடம் கழித்தும், தன் நாற்றத்தை விட்டது. மண்ணெண்ணெயும் மெழுகும் பழைய இரத்தமும் சேர்ந்தது போன்ற நாற்றம். என் வாய் ஊறியது. பசியில் ஊறும் ஊறல் இல்லை. சத்தி வருவதற்கு முன்னால் நாக்கின் அடியில் உப்பாக ஊறுமே, அது.

சத்தி. எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் வாந்தி என்போம். சத்தி என்ற சொல்லை எனக்குத் தந்தது வடக்கிலிருந்து வந்த ஒரு பெண். அவளுடைய கல்யாணத்தை ஓர் ஆங்கிலச் சொற்றொடரை வைத்து நான் ஏறக்குறைய அழித்தேன். மின்விசிறியை வாங்காமலேயே பட்டறையை விட்டு வெளியே வந்து, வீதியோரத்தில் நின்று துப்பினேன். துப்பினால் போகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில் அந்த ஆங்கில வகுப்பு நடந்தது. போர்க்காலம். எனக்கு இருபத்தைந்து வயது, அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, கோட்டையில் மாறி, முதுகில் சட்டை ஒட்ட வந்து இறங்குவேன். படியேறும்போதே தொடங்கிவிடும். கீழே மூன்று நாள் எண்ணெயில் பொரிகிற வடை, படியின் திருப்பத்தில் கதவு சாத்த முடியாத கக்கூஸ், மேலே றோணியோ மை. கடற்காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால், தண்டவாளத்துக்கு அப்பால் பாறைகளில் விடியற்காலையில் குந்திவிட்டுப் போனவர்களின் மிச்சம் காற்றோடு வரும். ஜன்னலைச் சாத்துவோம். சாத்தினால் மறுபடி மை.

படிக்க வந்தவர்கள் அநேகமாகப் பெண்கள். வடக்கிலிருந்து வந்து சுற்றுவட்டார லொட்ஜ்களில் அறையெடுத்துத் தங்கியிருந்தவர்கள். கணவன்மார் வெளிநாட்டில். இரண்டு கிழமை லீவில் வந்து, மண்டபத்தில் தாலி கட்டி, ஸ்டூடியோவில் படம் எடுத்து, பதிவு எழுதி, திரும்பிப் பறந்துவிட்ட கணவன்மார். அவர்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் இந்தப் பெண்கள் தூதரகத்தில் ஒரு நேர்முகத்தில் தேற வேண்டும். உன்னுடைய கல்யாணம் உண்மையான கல்யாணம்தானா என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி விசாரிப்பார். நம்பினால் விசா. நம்பாவிட்டால் திரும்பவும் லொட்ஜ், திரும்பவும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கான பொலிஸ் பதிவு, திரும்பவும் வகுப்பு. ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். கல்யாணப் படங்கள், வந்த கடிதங்களின் உறைகள், டெலிபோன் பில்கள். அன்புக்கு அத்தாட்சி. வியர்த்த விரல் பட்டுப் பட்டு அந்தப் பைல்களின் ஓரங்கள் பிசுபிசுத்திருக்கும்.

வகுப்பை நடத்தியவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயது. எந்நேரமும் வாயில் கராம்பு. கழுத்தில் டை, டையில் கறி மஞ்சள். கட்டுநாயக்க விமான நிலையம்வரை எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். தான் அதற்கு அப்பால் போனதில்லை. இருந்தாலும் வெள்ளைக்காரனின் மனம் தனக்கு அத்துப்படி என்பார். பின்னேரங்களில் 'இன்டர்வியூ கிளாஸ்' நடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் அதிகாரி, மூக்கால் பேசுவார். இந்தப் பக்கம் பெண்கள், ஒவ்வொருத்தியாக.

"உம்முடைய ஹஸ்பன்ட் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர்?"

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கேட்கப்பட்டவள் மேசையின் கீறல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"வெக்கப்பட்டால் விசா வராது பிள்ளை. அவன் இதைத்தான் கேப்பான். சொல்லும். இடப்பக்கமோ, வலப்பக்கமோ?"

கராம்பு வாடை மேசையைத் தாண்டி வரும். அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் ஒரு தடவையோடு விட்டதில்லை. நான் பக்கத்துக் கதிரையில் சிவப்புப் பேனையோடு இருந்தேன். அவள் 'லெஃப்ட் சைட் ஹீ ஸ்லீப்' என்பாள். நான் 'ஸ்லீப்ஸ்' என்று திருத்துவேன். என் உத்தியோகம் அது. ஒரு பெண்ணின் படுக்கையைக் கடைத்தெருவில் விரித்துக் காட்டும்போது, விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்குவது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டாலும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து மாதிரி. மினுக்கி வைத்திருப்போம். பூசைக்குப் போகும்போது போடுவோம். கால் கடிக்கும், காட்டிக்கொள்ள மாட்டோம். அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பல் கம்பனிக்காரர் வாயிலிருந்து உதிர்கிற தொடர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் பரிமாறுவார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொருள் கிடைக்காத, சொன்ன உடனே அறை முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்க்கிற தொடர்கள். இடியம் என்பார். அடைமழைக்கு அவர் வீட்டில் பூனையும் நாயும் விழும். அவருக்கு அதில் ஒரு மிதப்பு. பரம்பரைச் சொத்து வேறொன்றும் இல்லாததால் அந்த மிதப்பு எனக்கு வந்தது.

அதனால் வகுப்பில் யாரும் கேட்காமலேயே முப்பது இடியங்களைத் தெரிந்தெடுத்தேன். மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, றோணியோவில் சுற்றி, மை காயாத தாள்களைக் கையில் கொடுத்தேன். அவர்களுடைய விரல்நுனிகள் கறுத்தன. அந்த முப்பதில் ஒன்று, 'வீ ஹிட் இட் ஓஃப்.'

கரும்பலகையில் எழுதி வாசித்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், ஆர் ஆருக்கு அடிச்சது?"

சத்தி என்ற சொல்லை எனக்குத் தந்தவள்தான். முப்பத்துநாலு வயது. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவள். கொழும்புக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை, பேசும்போது இடது கைப் பெருவிரலால் மேசையில் முத்திரை குத்துவாள்.

"ஒருத்தரும் ஒருத்தருக்கும் அடிக்கல்ல," என்றேன். "ரெண்டு பேர் முதல் முதலாச் சந்திக்கிறாங்க. சந்திச்ச உடனேயே ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடிச்சுப்போகுது. கதை தன்பாட்டுல ஓடுது. அதைத்தான் இப்பிடிச் சொல்றது."

"அப்ப அது எங்களுக்கு நடக்கேல்லை மிஸ். எங்களுக்கு முதல் சாதகக் குறிப்பைத்தான் பாத்தவை. ஆளைப் பாத்தது பிறகு."

"குறிப்பு ரெண்டும் ஹிட் இட் ஓஃப் மிஸ்!" என்றாள் முன் வாங்கில் இருந்தவள்.

வகுப்பு மேசையில் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்தத் தொடரை அங்கேயே அழித்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அதன் உபயோகம் பற்றிய முழுப் பாடம். அந்தத் தொடர் லேசான ஆட்களின் தொடர். ஒரு விருந்தில், ஒரு ரயில் பெட்டியில், புதிதாகச் சேர்ந்த வேலைத்தலத்தில், யாரும் யாரையும் கொண்டுவந்து நிறுத்தாமல் தற்செயலாகச் சந்திக்கிற இரண்டு பேர், பிறகு ஒருநாள் திரும்பிப் பார்த்துத் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்வது. பின்னால் மாமாவும் அண்ணனும் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, தேத்தண்ணித் தட்டை ஏந்தியபடி ஒரு பெண் நிற்கும் அறைக்குள் அது நுழையவே நுழையாது. தமிழில் நாங்கள் ஒத்துப்போச்சு என்போம். அந்தச் சொல்லுக்குள் வருடங்கள் இருக்கின்றன. உரசல் இருக்கிறது, விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. ஆங்கிலத் தொடரோ ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. தொடரின் பளபளப்பு கெட்டுவிடும் என்று பயம்.

சேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ், இது நல்லாயிருக்கு. இதுதான் வெள்ளையள் கதைக்கிற இங்கிலீஷ். புருசனை முதல் கண்டபோது எப்பிடி இருந்தது எண்டு கேட்டால், எல்லாரும் இதைச் சொல்லுங்கோ. கேட்ட உடனை ஸ்டாம்ப் குத்திப்போடுவான்."

எல்லோரும். அந்தச் சொல்லில் நான் கவனம் வைக்கவில்லை. என்னைப் பாராட்டினார் என்பதில்தான் கவனம்.

அந்தக் கிழமை ஒவ்வொருத்தியும் தன்னுடைய முதற் சந்திப்பைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். நான் அதை ஆங்கிலத்தில் மூன்று வரியாக எழுதிக் கொடுப்பேன். மத்தியான வேளை, கீழே கொத்து ரொட்டித் தகடு அடிபடுகிற சத்தம். தபால் கந்தோர்ப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய கணவன் வெளிநாட்டில் ஓர் உணவுக் கடையின் குசினியில் சட்டி கழுவுகிறவர், நாற்பது வயது. இருவரும் முதலில் கண்டது இதே வெள்ளவத்தை லொட்ஜ் அறையில். அவர் தன் மாமாவோடு பெண் பார்க்க வந்திருந்தார்.

"வரேக்கை வழியிலை எங்கையோ சாப்பிட்டிருக்கிறார் மிஸ். அது பிழைச்சுப்போச்சு. நான் தேத்தண்ணித் தட்டை நீட்டுறன், மனிசன் சத்தி எடுத்துப்போட்டார்."

"என்ன எடுத்தாரு?"

"சத்தி மிஸ். வாந்தி. நிலமெல்லாம். தன்ரை சேட்டிலை, என்ரை சாறிக் கரையிலை. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலை போயிட்டார். எனக்கும் அருவருப்பாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இருந்தாலும் துணியும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து குந்தினன். அவர் துணியைப் பறிச்சுப்போட்டார். 'இது என்ரை சத்தி. நான் துடைக்கிறன்' எண்டார். மாமா பேசுறார், 'டேய், பொம்பிளை பாக்க வந்த இடத்திலை என்னடா இது, எழும்படா' எண்டு. கேக்கேல்லை மிஸ். முழங்காலிலை இருந்து கட்டிலுக்குக் கீழையும் துடைச்சார். வாளியைக் கொண்டுபோய்க் கழுவினார். துணியைப் பிழிஞ்சு கம்பியிலை போட்டார். பிறகு வந்து என்னைப் பாத்துச் சொல்லுறார், 'உங்கடை சாறிக்குத்தான் நான் ஒண்டும் செய்யேலாது' எண்டு."

பெருவிரல் மேசையில் ஒரு முத்திரை குத்தியது.

"எங்கடை வீட்டிலை ஒரு ஆம்பிளை தான் குடிச்ச கோப்பையைக் கழுவி நான் காணேல்லை. அந்த இடத்திலையே நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இதை அங்கை சொல்லலாமோ மிஸ்? சத்திக்கு இங்கிலீசிலை என்ன?"

அப்போது என் உடம்பில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன். கூசியது. தோளிலிருந்து முழங்கைவரை ஒரு கூச்சம். அறையில் அந்தப் புளித்த வாடை வந்தது போல இருந்தது. படியின் கக்கூஸ் எனக்குப் பழகிவிட்டது. சேருடைய கேள்விகள் பழகிவிட்டன. பாறை நாற்றம், எண்ணெய், மை, எல்லாம் பழகிவிட்டன. என் வாழ்க்கையில் நான் கேட்ட கல்யாணக் கதைகளிலேயே சுத்தமான கதை மட்டும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சீ, அதைப் போய் எம்பசியில சொல்றதா?" என்றேன். "வாந்தி, வாளி, துணி! அவங்க என்ன நெனைப்பாங்க? பேனைய வைச்சிட்டு எழும்பிப் போயிருவாங்க."

"அப்ப என்னத்தைச் சொல்லுறது?"

"படிச்சதைச் சொல்லுங்க. வீ ஹிட் இட் ஓஃப்."

"முதல் நாள் என்ன நடந்தது எண்டு விபரமாக் கேட்டால்?"

"விசேஷமா ஒண்டும் நடக்கல்ல. நோ சேர், வீ ஹிட் இட் ஓஃப். அவ்வளவுதான்."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அது பொய் இல்லையோ மிஸ்?"

"அது பொய் இல்லை," என்றேன், அப்பாவின் மிதப்போடு. "அது இடியம்."

அன்று பின்னேரம் அவளை எழுப்பி நிறுத்தி, சேருக்கு முன்னால் எட்டுத் தடவை சொல்ல வைத்தேன். 'ஓஃப்' என்பதில் உதட்டைக் கடிக்கக் கற்றுக் கொடுத்தேன். எட்டாவது தடவை அச்சு அசலாக வந்தது. வகுப்பு கைதட்டியது.

நேர்முகம் முடிந்து சில கிழமைக்குப் பிறகு, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், அவள் ஒரு கடிதத்தோடு படியேறி வந்தாள்.

"விசா இல்லை எண்டு மட்டும் விளங்குது மிஸ். ஏன் எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். நல்ல ஆங்கிலம். ஒரு பிழை இல்லை. கறை இல்லை. குளிர்ந்த கத்தி போன்ற ஆங்கிலம். அவளுடைய கணவன் அங்கே தன் வாக்குமூலத்தில் முதற் சந்திப்பை விபரமாக எழுதிக் கொடுத்திருந்தார். தனக்குச் சுகமில்லாமல் போனது, வாந்தி எடுத்தது, பெண்ணின் சேலையில் பட்டது, தானே துடைத்தது எல்லாம். விண்ணப்பதாரியிடம் அன்று ஏதாவது நடந்ததா என்று இரண்டு தடவை கேட்கப்பட்டது. இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை என்றும், பார்த்த உடனேயே பிடித்துப்போனது என்றும் விண்ணப்பதாரி ஒரே வசனத்தைச் சொன்னார். அண்மையில் வேறு விண்ணப்பதாரிகளும் அதே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்தத் திருமணம் உண்மையானது என்று நம்ப முடியவில்லை.

இதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. ஒவ்வொரு வரியிலும் என் கையெழுத்து இருந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்கும். தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"இதின்ரை கொப்பி அவருக்கும் போயிருக்கு, நேற்று கோல் எடுத்தவர். ஏன் எண்டு இப்பத்தான் விளங்குது," என்றாள். "'என்னைப் பற்றிச் சொல்ல உமக்கு வெக்கமா இருந்ததோ?' எண்டு கேக்கிறார் மிஸ். 'நான் சத்தி எடுத்த கதையை நான் எழுதிக் குடுத்தனான், நீர் மறைச்சிட்டீர்' எண்டு. நான் என்ன சொல்லுறது? எனக்கு வெக்கமா இருக்கேல்லை."

வெட்கப்பட்டது நான். அவளுக்காக, அவளைக் கேட்காமல், அவளுடைய கணவனை நினைத்து.

சேரிடம் போனேன். உள்ளறையில் றோணியோவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மை. நடந்ததைச் சொல்லி, அந்த வசனம் வகுப்பில் படிப்பித்தது என்று தூதரகத்துக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரோ மிஸ்? அப்பிடி எழுதினால் இந்த வகுப்பிலை இருந்து போற ஒருத்தரையும் அவன் நம்பான்."

"அந்தப் பொம்பிளையிட வாழ்க்கை சேர்."

"அவ அப்பீல் பண்ணட்டும். நீர் இந்தத் தாளிலை அந்த இடியத்தை வெட்டிப்போட்டு வேறை ஒண்டைத் தாரும். அதே கருத்து, வேறை சொல்லு. உமக்குத்தானே நிறையத் தெரியும்."

கராம்பைக் கன்னத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். நான் என்ன செய்தேன் என்று எழுதாவிட்டால் இதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. போய் உட்கார்ந்து புதிய மெழுகுத் தாளைத் தட்டச்சில் ஏற்றினேன். அதே கருத்து, வேறு சொல். இரண்டு பேர் சீக்கிரமாக நெருங்கிவிடுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னொன்று உண்டு. தீப்பிடித்த வீடு மாதிரி ஒத்துப்போனோம் என்பார்கள். நெருப்பு பரவுகிற வேகத்தைப் பார்த்த யாரோ சொன்னது. எரிகிற வீட்டுக்குள் இருந்தவர்கள் சொன்னது இல்லை.

மறுநாள் வகுப்பில் அதை விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. முன் வாங்கில் குறிப்பைப் பற்றிப் பகிடி விட்டவள் கையை உயர்த்தினாள்.

"வீடு எரியிறதை அவை நல்ல விஷயத்துக்கோ மிஸ் சொல்லுறவை?"

"ஓம்," என்றேன். "இது சும்மா ஒரு இடியம்."

அவள் எழுதிக்கொண்டாள். அவளுடைய வீடு எரிந்தது என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களும் குனிந்து எழுதிக்கொண்டார்கள், கறுத்த விரல்களோடு. அன்று மத்தியானம் கீழே போய்க் கை கழுவினேன். சன்லைட் கட்டியால் இரண்டு தடவை. வாசனை போகவில்லை. சோற்றில் கை வைத்ததும் அந்த மை வாயில் வந்தது.

மேன்முறையீட்டுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். இதை என் நல்ல பக்கமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கடைசிவரை வாசிக்கட்டும். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் வாந்தி எடுத்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் துணி எடுத்து வந்தேன். அவர் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். சின்னச் சின்ன வசனங்கள். ஓர் இடியம் இல்லை. ஆங்கிலம் அவ்வளவு வெறுங்காலோடு நடந்து நான் பார்த்ததில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய சுத்தமான ஆங்கிலம் அந்த ஒரு பக்கம்தான், அதுவும் என்னுடையது இல்லை.

கடைசிப் பந்தியில், முதல் நேர்முகத்தில் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். திருப்பித் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் தபால் கந்தோர்க்காரி. படிவத்தின் அடியில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவள்.

"'ஆலோசனையின் பேரில்' எண்டு எழுதியிருக்கிறியள். ஆரின்ரை ஆலோசனை எண்டு எழுதேல்லையோ மிஸ்?"

"அது தேவைப்படாது."

"நீங்கள் படிப்பிச்சது எண்டு உங்கடை பேரோடை ஒரு வரி எழுதித் தந்தால் நல்லமெல்லோ?"

"அவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க," என்றேன்.

உண்மையான காரணம் வேறு. எனக்கும் ஒருநாள் போக ஆசை இருந்தது. தூதரகத்தின் ஏதோ ஓர் அலுமாரியில், ஏதோ ஒரு பைலில், பொய் சொல்லிக் கொடுத்தவள் என்று என் பெயர் கிடக்கக் கூடாது. அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். தாளை மூன்றாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, உறைக்குள் வைத்தாள். பெருவிரல் உறையின் மூலையில் ஒரு தடவை குத்தியது. சத்தமே இல்லை.

அதன் பிறகும் நான் அந்த வகுப்புக்குப் போனேன். போகாமல் விட்டதாக எழுதினால் இந்தப் பக்கங்கள் பார்க்க அழகாக இருக்கும்.

எட்டு மாதம் போனது. ஒருநாள் காலை பதினொரு மணியளவில் அவள் வந்தாள். கையில் பைல் இல்லை. பைல் இல்லாமல் அவளைக் கண்டது அன்றுதான், அதிலேயே விளங்கிவிட்டது. சேர் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார்.

"பாத்தீரே மிஸ்! எங்கடை பிள்ளை! நில்லும் பிள்ளை, கமெரா எடுத்துக்கொண்டு வாறன். பாஸ்போட்டைக் கையிலை பிடியும். போர்ட்டிலை போட வேணும்."

"படம் வேண்டாம் சேர்."

"இல்லைப் பிள்ளை, மற்றப் பிள்ளையளுக்கு ஒரு உற்சாகம்..."

"வேண்டாம் சேர். நாளைக்குப் பிளைட். நான் மிஸ்ஸைக் கண்டிட்டுப் போகத்தான் வந்தனான்."

படியிறங்கி, கக்கூஸைத் தாண்டி, வடைச் சட்டியைத் தாண்டி, காலி வீதிக்கு அவளோடு நடந்தேன். பாமன்கடைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். பஸ் தரிப்பில் வெயில் உருகி ஓடியது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"இந்த முறை என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும். தமிழிலை. மொழிபெயர்க்க ஒரு ஐயாவை வைச்சிருக்கினம், டை கட்டின எங்கடை ஆள். நான் சத்தி எண்டன். அந்தாளுக்குச் சொல்ல வெக்கம். 'நொட் வெல்' எண்டு சொல்லுது. எனக்கு அந்த ரெண்டு சொல்லும் விளங்கும்தானே? 'நோ சேர்' எண்டன். 'வொமிட்' எண்டன். உங்கடை கடிதத்திலை பாத்துப் படிச்சனான்."

"அந்த வெள்ளைக்காரரு சிரிச்சாரா?"

"சிரிக்கேல்லை. பேனையை வைச்சார். நீங்கள் சொன்ன மாதிரி எழும்பிப் போகப்போறார் எண்டு நினைச்சன். போகேல்லை. பிறகு அந்தச் சாறிக்கு என்ன நடந்தது எண்டு கேட்டார். தோய்ச்சுப்போட்டன், இப்பவும் கட்டுறனான் எண்டன்."

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அவள் எத்தனை தடவை பொலிஸ் பதிவுக்குப் போயிருப்பாள், கணவனுடைய குரலில் அந்தக் கேள்வி எத்தனை தடவை கேட்டிருக்கும் என்றெல்லாம் கேட்க வாய் வரவில்லை. கேட்டது வேறு. மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாதவர்கள் கேட்கிற கேள்வி.

"என் மேல கோவமா?"

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கதவில் தொங்கியபடி "நகின்ன, நகின்ன" என்று தட்டி எல்லோரையும் ஏறச் சொல்லிக் கத்தினான். புகை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் போனது. அவள் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கடுமை எதுவும் இல்லை. தபால் கந்தோர் ஜன்னலுக்குள்ளிருந்து, உறையில் என்ன குறை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கும் ஒருத்தியின் முகம்.

"கோவமில்லை மிஸ். அவர் தன்ரை சத்தியைத் தானே துடைச்சவர். அவ்வளவுதான். சரி மிஸ், போட்டு வாறன்."